எண்ணெய் டின்னின் இரண்டாவது துளை

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது வாசகர் ஒருவர் கேட்டார்: "மேலே போனால் குளிருமே, அதற்கு என்ன செய்கிறார்கள்?" ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ இரண்டு டிகிரி குறையும், குளிர்காலத்தில் பத்தாயிரம் அடியில் கால் மரத்துப்போகும். ஹீட்டரையும் அவர்களேதான் கட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி ரக விமானங்களை உதிரிபாகங்களாக வாங்கி, கார் ஷெட்டிலேயே ரிவெட் அடித்துப் பறந்தவர்கள் பல ஆயிரம் பேர். அவர்களில் பலரைப் பாடாய்ப் படுத்துவது இந்த ஹீட்டர்தான்.

வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. சைலன்சருக்குள் ஓடும் புகை 700 டிகிரியைத் தொடும். அந்தக் குழாயைச் சுற்றி ஒரு தகர உறை போட்டு, இடைவெளியில் வெளிக்காற்றை ஓடவிட்டால் காற்று சூடாகிவிடும். சிலர் அந்த இடைவெளியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணிக்கிறார்கள். காற்று அதில் முட்டி மோதிக் கூடுதல் சூட்டை வாங்கிக்கொள்கிறது. எஞ்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் ஒரு வால்வு இருக்கும். சூடு வேண்டாதபோது அது காற்றை நிறுத்துவதில்லை, வெளியே திருப்பிவிடுகிறது. காற்றோட்டம் நின்றால் குழாய் அளவுமீறிக் காய்ந்துவிடும்.

மின்சார ஹீட்டர் விளம்பரங்களை நம்ப வேண்டாம். 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டில் தருவதே 840 வாட். அது முழுவதையும் ஹீட்டருக்கே கொடுத்துவிட்டால் ரேடியோவுக்கும் விளக்குக்கும் எங்கே போவது?

இத்தனை செய்தும் கால் விறைக்கிறது என்பார்கள். காரணம் எண்ணெய் டின்னில் இருக்கிறது. ஒரே துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் 'குபுக் குபுக்' என்று திணறும். எதிர் மூலையில் இன்னொரு துளை போட்டதும் சீராக ஒழுகும். கேபினும் அப்படித்தான்: உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழி இல்லையென்றால் சூடான காற்றுக்கு உள்ளே வர இடமில்லை.

இப்போது அந்த டின்னை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவிடுங்கள். இரண்டாவது துளை எதிர்காற்றைப் பார்த்து இருந்தால் காற்று உள்ளே ஏறும். வளைந்த முதுகில் இருந்தால், அங்கே காற்று விரைந்து ஓடி அழுத்தம் குறைவதால், உள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்துவிடும். ஆகா என்று அங்கேயே பெரிதாகத் துளைத்துவிடலாமா? கூடாது. டின்னின் அடியில் துருப்பிடித்த பொத்தல்கள் இருக்கின்றனவே! உறிஞ்சல் அளவுக்கு மிஞ்சினால் அவற்றின் வழியாகக் கண்டதெல்லாம் உள்ளே வரும். விமானத்தில் அந்தப் பொத்தல்கள், இறக்கைக்கும் வாலுக்கும் கம்பிகள் போகும் சந்துகள். கண்ணாடிக் கூரையின் மேலே அழுத்தம் குறைவதால் கூரை விளிம்பு வழியே காற்று கசிந்து போகிறது. அந்த இடத்தை நிரப்ப வால் பக்கத்துக் குளிர்காற்று முன்னோக்கி ஓடிவந்து பிடரியில் அடிக்கிறது. வால் முன்னோக்கி ஊதுகிறது என்பதை முதலில் படித்தபோது என்னால் நம்பவே முடியவில்லை. பெரிய ஹீட்டருக்குச் செலவிடுவதைவிட அந்தச் சந்துகளை அடைப்பது மேல்.

   

உறிஞ்சலுக்கு நான் அஞ்சுவது குளிரால் மட்டுமல்ல, அது எஞ்ஜின் பக்கத்துப் புகையையும் உள்ளே இழுக்கும் என்பதாலும்தான். சைலன்சரில் மயிரிழை விரிசல் விட்டால் அதைச் சுற்றிய அதே தகர உறை கார்பன் மோனாக்சைடைக் கேபினுக்குக் கொண்டுவரும். 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா சென்ற விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அது தொழிற்சாலையில் செய்த பைப்பர் மாலிபு. சாலாவின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின் 58 சதவீதம் இருந்தது. விமானியும் அந்த வாயுவால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றது பிரிட்டிஷ் விசாரணை. நிறம் மாறும் மலிவான அட்டையை ஒட்டிவைத்தால் போதும் என்பார்கள். மயங்குகிறவர் அட்டையையா பார்ப்பார்? அலறும் கருவி வேண்டும்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு சந்தின் ஓரத்திலும் ஒரு துண்டுக் கம்பளி நூலை ஒட்டிவிட்டுப் பறக்க வேண்டும். தடுப்புச் சுவரின் ஓட்டையருகே இருக்கும் நூல் கேபினுக்குள் நீண்டு நின்றால், உடனே இறங்கி அந்த ஓட்டையை அடைக்க வேண்டும்.