செடித் தொட்டிக்கேற்ற நம் நாட்டு மீன்

சிறு கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடிகளுடன் மீன் வளர்க்க விரும்புவோர் 'லே தித்தயா' எனப்படும் செரி பாப் மீனைத் தெரிவு செய்தல் நன்று. இலங்கைக்கே உரிய இம்மீன் தென்மேற்குப் பகுதியின் நிழல் படர்ந்த ஓடைகளில் வாழ்வது. ஏறக்குறைய 5 சதமமீற்றர் வளரும், செடிகளைச் சேதப்படுத்தாது. 60 சதமமீற்றர் நீளமுள்ள தொட்டிக்கு 2 ஆணும் 4 பெண்ணும் போதும்.

ஓடையிற் பிடித்தவற்றை வாங்காது, பண்ணையில் இனம் பெருக்கியவற்றையே வாங்குதல் வேண்டும். பூச்சிநாசினி தெளித்த வயலின் நீரை ஊற்றலாகாது. நாசினி கலக்கிய வாளியையும் பயன்படுத்தலாகாது. சிறிதளவும் மீனைக் கொல்லும்.

தொட்டியைத் துப்புரவாக்குமென விற்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. அதனைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஒருபோதும் விடாதீர்கள். அது பெருகிக் கரைகளில் வளை தோண்டும். பின்னர் அகற்றுதல் அரிது.