‘டிக்’! பழைய கேம்ரியின் கியர்பாக்ஸுக்குள் ஒரு பயணம்

விளக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை. வண்டி 1992 மாடல் டொயோட்டா கேம்ரி. 2.2 லிட்டர் எஞ்சின், ஏ140இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக். பானட்டைத் தூக்கி, டயக்னாஸ்டிக் பெட்டியின் சின்ன மூடியை நெம்பினால் உள்ளே வரிசையாகத் துளைகள். டிஇ1, இ1 என்று எழுதிய இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைக்க வேண்டும். எஞ்சினை எழுப்பாமல் சாவியை மட்டும் ஆன் வரை திருப்ப வேண்டும். அவ்வளவுதான், டாஷ்போர்டில் ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு பேச ஆரம்பித்துவிடும்! ஆறு முறை சிமிட்டியது. ஒன்றரை விநாடி சும்மா இருந்தது. பிறகு இரண்டு முறை. 62! முதலாம் சாலினாய்டின் மின்சுற்றில் கோளாறு என்று அர்த்தம். 63 என்றால் இரண்டாவது, 64 என்றால் லாக்-அப் சாலினாய்டு. ஸ்கேனரும் இல்லை, கணினியும் இல்லை. முப்பது வயது தாண்டிய வண்டி, தனக்கு எங்கே வலிக்கிறது என்று தானே எண்ணிக் காட்டுகிறது.

அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்த நம்மவர்கள் பலருக்கு முதல் கார் இந்தக் கேம்ரிதான், அதுவும் யாரிடமிருந்தோ கைமாறி வந்தது. கென்டக்கி மாநிலம் ஜார்ஜ்டவுனில் டொயோட்டா இதைக் கட்டிக் குவித்தது. எஞ்சின் சாகாது என்று பேர் வாங்கிய வண்டி. ஆனால் கியர் மாறுவதில் கொஞ்சம் தகராறு வந்தாலும், ‘கியர்பாக்ஸ் போச்சு, வண்டியைத் தள்ளிவிடு’ என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் நியூஜெர்சியில் ஓர் அண்ணன் தன் வீட்டு கராஜில் இந்த வண்டியை ஸ்டாண்டில் ஏற்றப்போவதாகச் சொன்னதும் ஓடினேன். குற்றவாளி கட்டைவிரல் அளவுள்ள ஒரு பொருள்தானா என்று கண்ணால் பார்த்தாக வேண்டும்!

சாலினாய்டு என்பது வேறொன்றுமில்லை. ஒரு செப்புக் கம்பிச் சுருள், நடுவில் ஒரு சின்ன இரும்புத் தண்டு, தண்டின் நுனி அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு துளை. மின்சாரம் இல்லாதபோது துளை மூடியிருக்கும். எண்ணெயின் அழுத்தம் போக வழியில்லாமல் கியர் மாற்றும் ஷிஃப்ட் வால்வின் தலையில் நின்று அதைத் தள்ளும். மின்சாரம் வந்தால் தண்டு எழும், எண்ணெய் வடிந்துவிடும், ஸ்பிரிங் வால்வை மறுபக்கம் தள்ளிவிடும். திற, மூடு. இதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது.

இப்போது அழகைக் கேளுங்கள். நான்கு கியருக்கு இரண்டே சாலினாய்டு! முதல் கியரில் ஒன்றாவது ஆன், இரண்டாவது ஆஃப். இரண்டாம் கியரில் இரண்டும் ஆன். மூன்றாம் கியரில் ஒன்றாவது ஆஃப், இரண்டாவது ஆன். நான்காவதான ஓவர்டிரைவில் இரண்டும் ஆஃப். உற்றுப் பாருங்கள்: ஒவ்வொரு முறை கியர் ஏறும்போதும் ஒரே ஒரு சாலினாய்டுதான் நிலை மாறுகிறது! ஒவ்வொன்றாக ஏறும் வழியில் இரண்டும் ஒரே நொடியில் மாற வேண்டிய கட்டாயம் இல்லை. இதை வரைந்த பொறியாளரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது.

அதைவிடவும் ஒன்று. இரண்டுக்குமே மின்சாரம் நின்றுபோனால் வண்டி ஓவர்டிரைவில் போய் நிற்கும். நெடுஞ்சாலையில் எழுபது மைல் வேகத்தில் திடீரென்று முதல் கியரில் விழுந்து உங்களை உலுக்காது. அப்போதும் லீவரைக் கையால் எல்லுக்கு இழுத்தால் முதல் கியர், 2க்குத் தள்ளினால் மூன்றாவது, டியில் ஓவர்டிரைவ். கம்ப்யூட்டர் கைவிட்டாலும் வீடு வந்து சேரலாம். நம் வண்டிக்கு ஒன்றாவது மட்டும்தான் படுத்திருந்தது. அது இல்லாமல் முதல் கியர் கேட்டால் இரண்டும் ஆஃப் ஆகி ஓவர்டிரைவ் கிடைத்துவிடுமே! அதைத் தவிர்க்க கம்ப்யூட்டரே இரண்டாவதை ஆன் செய்து, மூன்றாம் கியரில் வண்டியைக் கிளப்புகிறது. சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் வண்டி முக்கி முனகிக் கிளம்பியதன் காரணம் இதுதான். கியர்பாக்ஸ் சாகவில்லை. சாமர்த்தியமாகச் சமாளித்துக்கொண்டிருந்தது!

“கழற்றுவதற்கு முன்னால் அளந்து பார்க்கணும் தம்பி,” என்று அண்ணன் மல்டிமீட்டரை எடுத்தார். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்பேன். கியர்பாக்ஸின் வெளியே இருக்கும் கனெக்டரைப் பிரித்து, அந்தந்த முனைக்கும் பாடிக்கும் இடையே மின்தடையைப் பார்த்தால் போதும். ஒரு சொட்டு ஆயில் சிந்த வேண்டாம். 11 முதல் 15 ஓம் வரை வர வேண்டும். இரண்டாவது 13 காட்டியது. ஒன்றாவதும் குளிர்ந்த வண்டியில் கிட்டத்தட்ட அதேதான்! ஏமாற்றமா? இல்லவே இல்லை. வண்டியைச் சுற்றவிட்டு, ஆயில் சூடேறிய பிறகு மறுபடி வைத்தார். மீட்டர் எதையுமே காட்டவில்லை. வருடக்கணக்காகச் சூட்டில் வெந்த சுருள் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. குளிர்ந்தால் ஒட்டிக்கொள்கிறது, சூடானால் பிரிகிறது. காலையில் நன்றாக ஓடும் வண்டி மாலையில் அடம்பிடிப்பது இதனால்தான். குளிரில் மட்டும் அளந்திருந்தால் நல்ல சுருள் என்றே நம்பியிருப்போம்.

மறுநாள் ஆறிய வண்டியின் கீழே படுத்தோம். வடிகால் போல்ட்டைத் திறந்தால் இரண்டரை லிட்டர் அளவுக்கு ஆயில் இறங்கும். சிவப்பாக இருக்க வேண்டியது, பழுப்பேறியிருந்தது. அடுத்து 10 மில்லிமீட்டர் தலை போல்ட்டுகளைச் சுற்றிலும் கழற்றி, ஆயில் சட்டியை மெல்ல இறக்கினோம். அதன் அடியில் காந்தங்கள் இருக்கின்றன தெரியுமா! தேய்ந்து வரும் இரும்புத் துகளைப் பிடித்து வைக்க. சாம்பல் நிறத்தில் மைபோல மெல்லிய படிவு இருந்தால் பயமில்லை, வயதுக்கு ஏற்ற தேய்மானம். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள் மின்னினால் புஷ் தேய்கிறது, கவலைப்பட வேண்டும். அண்ணன் டார்ச் அடித்து விரலால் தடவிக் காட்டினார். சாம்பல் மட்டுமே! அந்த இடத்திலேயே கைதட்டினேன்.

வடிகட்டியைக் கழற்றியதும் தெரிந்ததே வால்வ் பாடி, அதைத்தான் காண வந்தேன். குறுக்கே ஓடும் எஃகுக் குழாய்கள், அவற்றுக்குப் பின்னால் அலுமினிய வார்ப்பு, அதற்குள் எறும்புப் புற்றைக் குறுக்கே வெட்டியதுபோல ஆயில் ஓடும் சந்துபொந்துகள். எந்தக் கியர், எந்த அழுத்தத்தில் என்பதெல்லாம் இந்தச் சந்துகளில்தான் முடிவாகிறது. ஓரத்தில், ஒயர் ஒன்று தொங்க, அந்தச் சாலினாய்டு!

ஒரு போல்ட், ஒரு கனெக்டர், கையில் வந்துவிட்டது. அதன் ஓ-ரிங் பிளாஸ்டிக்போல இறுகியிருந்தது. புதியதைப் பொருத்துமுன் பெஞ்சில் வைத்து ஒரு பரீட்சை. காற்றுக் குழாயால் ஊதினால் கசியக்கூடாது. பேட்டரியை இணைத்தால் திறந்து காற்று போக வேண்டும். அண்ணன் ஒயரைத் தொட்டார்: ‘டிக்’! எடுத்தார்: ‘டிக்’! “இன்னொரு தடவை அண்ணா!” என்றேன். சிரித்துக்கொண்டே ஒயரை என் கையிலேயே கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வோல்ட், சுமார் ஓர் ஆம்பியர். அவ்வளவு மின்சாரத்துக்கு ஒன்றரை டன் வண்டியின் கியர் கட்டுப்படுகிறது!

இரண்டாவதையும் சேர்த்தே மாற்றினோம். அதே சூட்டில் அதே வயது வெந்தது அது, சட்டி திறந்திருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது என்பது என் கட்சியும்கூட. புது வடிகட்டி, புது கேஸ்கெட். சட்டி போல்ட்டுகளுக்கு 5 நியூட்டன் மீட்டர்தான் முறுக்கு, விரலால் இறுக்குவதற்குச் சற்று மேலே. பலத்தைக் காட்டினால் சட்டி வளைந்து ஒழுகும். வடிந்த அளவுக்குப் புது ஆயிலை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, லீவரை எல்லா நிலைக்கும் மெதுவாக நகர்த்தி, சூடான பிறகு பார்க்கில் வைத்து அளவுக் கம்பியைப் பார்த்தோம். பழைய 62ஐ அழிக்க ‘இஎஃப்ஐ’ ஃப்யூஸைப் பத்து விநாடி பிடுங்கி வைத்தாலே போதும்.

பிறகு சாலைக்கு வந்தோம். அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கக் கத்திக்கொண்டே வந்தேன்: ஆன்-ஆஃப்! வண்டி துள்ளிக் கிளம்பியது. ஆன்-ஆன்! ஆஃப்-ஆன்! நாற்பது மைலைத் தாண்டி, பாதத்தைக் கொஞ்சம் தளர்த்தினார், எஞ்சின் சத்தம் ஒரு படி இறங்கியது. இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம்: ஆஃப்-ஆஃப்!