மணிக்கட்டுக் கட்டி: குத்துவதா, வெட்டுவதா, விடுவதா?

மணிக்கட்டில் கட்டி வந்தால் கனமான புத்தகத்தால் ஒரு போடு போட்டு உடைக்கும் வைத்தியம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம், கட்டி உடையுமோ இல்லையோ, எலும்புக்கு ஆபத்து.

என் மனைவிக்கு நெல்லிக்காய் அளவில் வந்தபோது, கேன்சரோ என்று இரவெல்லாம் தூங்கவில்லை. டாக்டர் டார்ச் அடித்துக் காட்டினார். வெளிச்சம் ஊடுருவியது, உள்ளே வெறும் பாகு. கேங்லியான் என்று பெயர். மூட்டிலிருந்து ஒரு காம்பு வழியாகத் தொடர்புள்ள பை அது.

ஊசியால் உறிஞ்சுவது சில நிமிட வேலை. ஆனால் காம்பு அப்படியே இருக்கிறதே! 100 பேரில் பாதிக்கு மேல் திரும்ப வருகிறதாம். கசிவை அடைக்காமல் தண்ணீரை இறைத்தால் என்ன ஆகும் என்பது ரயில்வேயில் பம்புகளோடு மாரடித்த எனக்குத் தெரியாதா? ஆபரேஷனில் காம்போடு எடுத்தாலும் சுமார் 20 பேருக்குத் திரும்புகிறது. தழும்பும் விறைப்பும் தனி. சும்மா விட்டாலோ, ஏறக்குறைய பாதி தானே மறைகின்றன, வருடக்கணக்கில் ஆனாலும்.

வலியோ மரத்துப்போதலோ இல்லாததால் நாங்கள் விட்டுவிட்டோம்.

எல்லாக் கட்டியும் இந்த ரகமல்ல. கெட்டியாக, ஆழத்தில், வேகமாக வளர்ந்தால் உடனே டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுங்கள். நாடி பார்க்கும் பக்கம் வந்தால் ரத்தக்குழாய் அருகிலேயே ஓடுகிறது. அங்கே ஊசி போடக் கைதேர்ந்தவர் வேண்டும்.