வர்க்கமூலத்திற்குள் எது நுழையலாம்?

கால்குலேட்டரில் √(−4) என்று தட்டினால் ‘எரர்’ என்று வரும். எந்த மெய்யெண்ணை வர்க்கப்படுத்தினாலும் எதிர்மறை விடை கிடைக்காது என்பதே காரணம். ஆகவே, வர்க்கமூலக் குறிக்குள் இருப்பது பூஜ்ஜியமாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும். அதற்கு இடம்கொடுக்கும் எக்ஸ் மதிப்புகளே சார்பகம், அதாவது டொமேன்.

√(12 − 3எக்ஸ்) என்பதை எடுத்துக்கொள்வோம். 12 − 3எக்ஸ் ≥ 0 என்றால், −3எக்ஸ் ≥ −12. தேர்வில் புள்ளி நழுவும் இடம் இதுதான். எதிர்மறை எண்ணால் வகுக்கும்போது குறியின் திசை திரும்ப வேண்டும்; ஆகவே எக்ஸ் ≤ 4. சந்தேகமா? 5-ஐப் போட்டுப் பாருங்கள்; உள்ளே −3 வரும். 0-ஐப் போட்டால் 12. திசை சரிதான்.

இதே வர்க்கமூலம் பின்னத்தின் கீழே இருந்தால் 4-உம் ஆகாது. பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாதே! அப்போது எக்ஸ் < 4. மனனம் செய்வதைவிட, ‘உள்ளே எது வரக்கூடாது?’ என்று கேட்டுப் பழகுங்கள்.