முன்மாதிரிக் கிதாரும் ஈட்டி மரமும்

கோயம்புத்தூருக்கு வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் ஆனைகட்டி என்னும் சிற்றூர் உள்ளது. தமிழ்நாடு அங்கே முடிவுற்று, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி தொடங்குகிறது. பறவையியல் ஆராய்ச்சிக்கெனச் சாலிம் அலி அவர்களின் பெயரால் 1990-இல் நிறுவப்பெற்ற நிலையம் இவ்வூரில் இருப்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பர். இவ்வூரில் குழந்தைகளுக்கு இசை கற்பிக்கும் இளைஞர் ஒருவர் இக்கட்டுரையாளரின் தமக்கை மகனாவார். சென்ற ஆண்டு அவர் ஒரு வினாவுடன் வந்தார். கணினி வழியே நடைபெறும் விற்பனையில், பெங்களூரைச் சேர்ந்த ஒருவர் ஒரு கிதாரை விலைக்கு வைத்திருந்தார். அது கடைகளில் கிடைக்கும் கிதார் அன்று. ஒரு கைவினைஞர் புதிய அமைப்பு ஒன்றைச் சோதிப்பதற்காகச் செய்த முன்மாதிரி. அதைப் போன்றது வேறொன்று இல்லை. கேட்ட விலையோ, அவ்விளைஞரின் ஆறு மாத வருவாய். "வாங்கலாமா, மாமா?" என்பதே வினா.

வினா எளிது; விடை எளிதன்று. வழக்கமான பொருளாயின், அதே வகையைச் சேர்ந்த பிறவற்றுடன் ஒப்பிட்டு விலையை மதிப்பிடலாம். ஒன்றே ஒன்றாக உள்ள பொருளுக்கு ஒப்புமை ஏது? எனவே அதன் விஞ்ஞானத்தையே துணையாகக் கொள்ள வேண்டும்.

முதற்கண் கிதாரின் அமைப்பைச் சிறிது காண்போம். அதன் உறுப்புகளுக்குத் தமிழில் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை என்பது மொழிபெயர்ப்பாளனுக்கு ஓர் ஆறுதல். வீணைக்கு வழங்கும் தந்தி, மெட்டு, குதிரை, பிரடை ஆகிய சொற்களே இதற்கும் பொருந்தும். எஃகுத் தந்திகள் ஆறும் சுருதி சேர்க்கப்பட்ட நிலையில், அவற்றின் மொத்த இழுவிசை 70 கிலோகிராமுக்கு மேற்படும். அதாவது வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை. இவ்விசை முழுவதையும் தாங்குவது சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள மேற்பலகையே. அது தடித்திருந்தால் அதிராது. மெலிந்திருந்தால் வளைந்து உடையும். இவ்விரண்டிற்கும் இடையே வழி காண்பதற்காகவே மேற்பலகையின் உட்புறத்தில் மெல்லிய சட்டங்களை ஒட்டுகின்றனர். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரஸ் இச்சட்டங்களை விசிறிபோல் விரித்து அமைத்தார். அமெரிக்காவில் மார்ட்டின் நிறுவனம் பெருக்கற்குறி வடிவில் அமைத்தது. எஃகுத் தந்திக் கிதார்களில் பெரும்பான்மையானவை இன்றும் இப்பெருக்கற்குறி முறையையே பின்பற்றுகின்றன.

ஒலி பிறக்கும் வழியும் சுவையானது. தந்தி மிக மெல்லியதாகையால் தானாகக் காற்றைப் போதிய அளவு அசைக்க இயலாது. அதன் அதிர்வு குதிரை வழியே மேற்பலகைக்குச் செல்கிறது. பலகையே காற்றை அசைக்கிறது. பெட்டியினுள் அடைபட்ட காற்றுக்கும் தனக்கென ஓர் இயற்கை அதிர்வு உண்டு. வெறுங் குடத்தின் வாயில் ஊதினால் எழும் ஓசையே இதற்குச் சான்று. சாதாரணக் கிதாரில் இக்காற்றதிர்வு வினாடிக்கு ஏறத்தாழ 100 ஆகும். மேற்பலகையின் முதன்மை அதிர்வு 200-க்கு அருகில் அமையும். மிகத் தடித்த தந்தியின் அதிர்வெண் 82. மிக மெல்லிய தந்தியின் அதிர்வெண் 330. ஆகவே மந்த்ர ஒலிகளுக்குப் பெட்டியின் காற்று துணைபுரிகிறது என்பது விளங்கும். குடத்தின் வாயைச் சுருக்கினால் ஓசை தாழ்வது போல, ஒலித்துளையின் அளவை மாற்றினால் இத்துணையும் மாறும்.

பெங்களூர்க் கிதாரில் மூன்று புதுமைகள் இருந்தன. ஒலித்துளை நடுவில் இல்லாமல் மேல் மூலைக்கு நகர்த்தப்பட்டிருந்தது. குதிரை ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருந்தது. உட்சட்டங்கள் மந்த்ரத் தந்திகளின் பக்கம் ஒருவிதமாகவும், தாரத் தந்திகளின் பக்கம் வேறுவிதமாகவும் அமைந்திருந்தன. இவை வெறும் விந்தைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அமெரிக்காவின் புளோரிடா அரசுப் பல்கலைக்கழகத்தில் பௌதிக இரசாயனப் பேராசிரியராக இருந்த மைக்கேல் காஷா, 1960-களின் பிற்பகுதியில் தொடங்கி, ரிச்சர்ட் ஷ்னைடர் என்னும் கைவினைஞருடன் இவ்வழியில் உழைத்தார். தாழ்ந்த ஒலிக்குப் பலகையின் பெரும்பகுதி அசைய வேண்டும். உயர்ந்த ஒலிக்குச் சிறு பகுதி போதும். எனவே இருபுறமும் ஒரே அமைப்பு எதற்கு என்பதே அவரது வினா. 1975-இல் கிப்சன் நிறுவனம் இக்கருத்தைத் தழுவி மார்க் என்னும் வரிசையை வெளியிட்டது. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. கைவினைஞர் சிலர் மட்டும் இன்றளவும் அவ்வழியைப் பின்பற்றுகின்றனர். வெற்றி பெற்ற முன்மாதிரி ஒரு வரிசையின் முதற்கருவியாகிறது. வெற்றி பெறாதது ஒற்றையாகவே நின்றுவிடுகிறது. ஆகவே 'இதைப் போல் வேறில்லை' என்று விற்பவர் பெருமையுடன் கூறும்போது, ஏன் இல்லை என்று வாங்குபவர் கேட்பதில் தவறில்லை.

ஆயினும் வழக்கத்திற்கு மாறானது என்பதாலேயே ஒன்றைத் தள்ளிவிடுதலும் தகாது. இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்க மாட்டா என்பது தாமஸ் யங் வகுத்த விதி. வீணையிலும் தம்புராவிலும் இவ்விதி பொய்ப்பதைச் சர் சி. வி. ராமன் 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். காரணம், அவற்றின் குதிரை கத்தி விளிம்பு போலன்றி, மேற்புறம் அகன்று மெல்ல வளைந்திருப்பதே. மேனாட்டார் கண்ணுக்கு விசித்திரமாகத் தோன்றிய அக்குதிரைதான் தம்புராவின் இடையறாத ரீங்காரத்திற்கு மூலம்.

விலை உயர்ந்திருந்ததற்கு விற்பவர் கூறிய மற்றொரு காரணம் மரம். முதுகும் பக்கங்களும் ஈட்டி மரத்தால் ஆனவை என்றார். தோதகத்தி என்றும் வழங்கும் இம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகளில் வளர்வது, கனமானது, உலர்ந்த பலகையை விரலால் தட்டினால் மணி போல் நெடுநேரம் ஒலிப்பது. பிரேசில் நாட்டு ஈட்டி மரம் அருகிப்போகவே, 1960-களின் இறுதியிலிருந்து அமெரிக்கக் கிதார் நிறுவனங்கள் இந்திய ஈட்டி மரத்தை நாடலாயின. நம் மலையில் வளர்ந்த மரம் கடல் கடந்து சென்று, கிதாராக இங்கே திரும்பி வருவதும் உண்டு.

மரத்தின் பெருமை மெய்யே. ஆனால் ஒலியில் அதன் பங்கு எவ்வளவு? தோரஸ் 1862-இல் ஒரு கிதார் செய்தார். மேற்பலகை மட்டுமே மரம்; முதுகும் பக்கங்களும் காகிதக் கூழால் ஆனவை. ஒலியை நிர்ணயிப்பது மேற்பலகையே என்று மெய்ப்பிக்கவே அவர் இதனைச் செய்தார். அக்கருவி பார்சலோனா இசை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் இதே வினாவை வேறு வகையில் ஆராய்ந்தனர். முதுகு, பக்க மரங்கள் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்த ஆறு கிதார்கள் செய்யப்பட்டன. பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மஹாகனி, மேப்பிள், சபேலி, வால்நட் என்பன அம்மரங்கள். 52 கலைஞர்கள், எது எம்மரம் என்று காண இயலாத நிலையில் அவற்றை வாசித்து மதிப்பிட்டனர். விலை மிகுந்த மரத்திற்கும் மலிவான மரத்திற்கும் மதிப்பீட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஈட்டி மரத்திற்காக மிகுதியாகக் கொடுக்கும் பணம் அழகிற்கும் உறுதிக்கும் கொடுக்கப்படுவதே தவிர, ஒலிக்கு அன்று என்று கொள்ளலாம்.

மரத்தைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிகத்தை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கையில், ஈட்டி இனம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இசைக் கலைஞர்கள் தம் கருவிகளுடன் எல்லை கடப்பதற்கே அஞ்சிய காலம் அது. 2019-இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு, முற்றுப்பெற்ற இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்தது. அவ்வாண்டு நவம்பர் 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிரேசில் ஈட்டிக்கு இவ்விலக்கு இல்லை. 1992 முதல் அது கடுமையான முதலாம் அட்டவணையில் உள்ளது. உள்நாட்டில் மரம் வெட்டுதல் மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டது. கேரளத்தில், வயநாட்டின் முட்டில் பகுதியில் ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டது 2021-இல் வெளிவந்து பெரும் வழக்காயிற்று. ஆதலின் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது வீண் ஐயமன்று. பலகையின் நிறத்தைக் கண்டு மட்டும் இனத்தைத் துணிதல் அரிது. தேராதூனிலுள்ள வன ஆராய்ச்சி நிலையமும், பெங்களூரிலுள்ள மர விஞ்ஞான நிலையமும் மரங்களை இனங்காண்பதில் தேர்ந்தவை.

இனிச் சோதனைக்கு வருவோம். முன்பணம் அனுப்பினால் கருவியைப் பொதி செய்து அனுப்புவதாக விற்பவர் எழுதியிருந்தார். நேரில் காணாது பணம் அனுப்பலாகாது என்று கூறிவிட்டோம். இளைஞர் இரவு இரயிலில் பெங்களூர் சென்றார். அவர் எடுத்துச் சென்றவை நான்கே பொருள்கள்: ஓர் எஃகு அளவுகோல், பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற காம்புள்ள சிறு கண்ணாடி, ஒரு கைவிளக்கு, சுருதி காட்டும் கருவி.

முதலில் மெட்டுகளை அளந்தார். கைவினைஞர் மற்றவற்றில் எவ்வளவு புதுமை செய்தாலும், இதில் கணிதத்தை மீற இயலாது. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பிரிக்கும்போது, ஒவ்வொரு மெட்டுக்கும் அதிர்வெண் 1.0595 மடங்கு உயர வேண்டும். தந்தியின் கணக்கு நீளம் 650 மில்லிமீட்டர் எனில், முதல் மெட்டு 36.5 மில்லிமீட்டரிலும், பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியான 325-இலும் அமைய வேண்டும். குதிரை மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். தந்தியை அழுத்தும்போது இழுவிசை சற்றே கூடுவதால் நேரும் சுருதிப் பிழையைத் திருத்துவதற்கான ஏற்பாடு அது. வீணையில் மெட்டுகளை மெழுகின்மேல் பதிப்பதால் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். கிதாரில் அவ்வாய்ப்பு இல்லை. பன்னிரண்டாம் மெட்டில் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பிய ஒலியும், அங்கே அழுத்தி எழுப்பிய ஒலியும் ஒத்திருந்தன. அளவுகள் யாவும் சரியாகவே இருந்தன. செய்தவர் தேர்ந்தவர் என்பது இதனால் விளங்கிற்று.

அடுத்து, அளவுகோலின் விளிம்பைக் குதிரைக்குப் பின்னே மேற்பலகையின்மீது வைத்துப் பார்த்தார். சிறிதளவு மேடு எக்கிதாரிலும் உண்டு. இதிலோ மேடு ஒருபுறம் மட்டும் மிகுந்திருந்தது. பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டியபோது, ஓரிடத்தில் மட்டும் கரகரப்பான ஒலி எழுந்தது. மூலையிலிருந்த ஒலித்துளை வழியே கண்ணாடியையும் விளக்கையும் செலுத்தி நோக்கினார். மந்த்ரப் பக்கத்துச் சட்டம் ஒன்றின் நுனி, இரண்டு அங்குல நீளத்திற்குப் பலகையிலிருந்து விட்டிருந்தது. விற்பவர் இதனை அறியார். மறைத்தார் என்று கூறுவதற்கில்லை. இரண்டு ஆண்டுகளாகக் குளிரூட்டிய அறையில் அக்கருவியை வைத்திருந்ததாகக் கூறினார்.

விட்டதற்குக் காரணம் அவ்வறையாகவே இருக்கலாம். மரம் ஈரம் இழக்கும்போது இழைக்குக் குறுக்கே சுருங்குகிறது. இழையின் போக்கில் சுருங்குவது மிக அற்பம். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்ப்ரூஸ் பலகையில் ஈரம் 4 சதவீதம் குறைந்தால், அகலம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் குறையும். உட்சட்டமோ பலகையின் இழைக்குக் குறுக்காகக் கிடப்பது. அது அவ்வாறு சுருங்குவதில்லை. ஒன்று சுருங்க, மற்றொன்று மறுக்க, இடையில் உள்ள பசை தோற்கிறது. காற்றின் ஈரம் 45 முதல் 55 சதவீதம் வரை இருத்தல் கிதாருக்கு உகந்தது என்பர்.

கருவியின் ஒலி எவ்வாறு இருந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மந்த்ரத் தந்திகள் நிறைந்து ஒலித்தன என்றும், தாரத் தந்திகள் சற்று மெலிந்தே இருந்தன என்றும் இளைஞர் கூறினார். வகுப்பில் குழந்தைகளின் குரலுக்குத் துணையாக வாசிப்பதற்கு அது குறையன்று. தனிக் கச்சேரிக்குக் குறையே. சட்டத்தின் பழுதைக் காட்டியதும் விற்பவர் விலையில் மூன்றிலொரு பங்கைக் குறைத்தார். மரம் வாங்கிய இரசீதின் நகலையும் கேட்டுப் பெற்றபின்னரே இளைஞர் பணம் கொடுத்தார்.

சட்டத்தை மீண்டும் ஒட்டுவதற்குக் கோயம்புத்தூரில் வீணை பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இசைந்தார். கை நுழையாத அவ்வொலித்துளை வழியே பற்றுக்கருவியைச் செலுத்த அவர் இரண்டு நாள் முயன்றாராம். இதனைச் செய்தவர் பழுதுபார்ப்பவனை நினைக்கவில்லை என்று கடிந்துகொண்டாராம். கிதார் இப்போது ஆனைகட்டியில் உள்ளது. கோடையில் அதன் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைத்த சிறு டப்பா ஒன்றும், ஈரங் காட்டும் சிறு கருவி ஒன்றும் உடனிருக்கின்றன.