குளிராத இரவும் காஜிப்பூர்க் குப்பை மலையும்

2024 மே 29 அன்று தில்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகல் வெப்பநிலை 46.8 பாகை செல்சியஸாகப் பதிவானது. அதே நிலையத்தில் ஜூன் 19 அன்று இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 பாகையாக இருந்தது. இவ்விரண்டில் அதிகம் கவலைப்பட வேண்டியது இரண்டாவது எண்ணாகும். பகலில் வெந்த உடல் தேறுவதற்கு இயற்கை அளித்திருக்கும் வேளை இரவு என்பதோடு, புவி வெப்பமயமாதலின் இயல்பும் இரவில்தான் எளிதில் விளங்கும்.

சூரிய ஒளியின் பெரும்பகுதி வளிமண்டலத்தை ஊடுருவி வந்து தரையைச் சூடாக்குகிறது. சூடான தரை அவ்வெப்பத்தைக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக இரவு பகலாக வெளிவிடுகிறது. காற்றில் பெரும்பங்கு வகிக்கும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இக்கதிர்களைத் தடுப்பதில்லை. மிகச் சிறிய அளவில் கலந்துள்ள நீராவி, கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்ஸைடு ஆகியவையே அவற்றை உறிஞ்சி எல்லாத் திசைகளிலும் மீண்டும் உமிழ, அதில் ஒரு பகுதி தரைக்கே திரும்பி வருகிறது. மார்கழியில் வானம் தெளிந்த இரவுகளில் பனி கடுமையாக இருப்பதும், மேகம் மூடிய இரவுகளில் குளிர் தணிந்திருப்பதும் இதனால்தான். இது பசுமை இல்ல விளைவு எனப்படுகிறது. பெயர் அவ்வளவு பொருத்தமானதன்று. செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில் முக்கியமாகச் சூடான காற்று வெளியேறாமல் தடுத்தே வெப்பத்தைக் காக்கிறது, வளிமண்டலமோ கதிர்களைத் தடுத்துக் காக்கிறது. ஓசோன் படலத்தின் ஓட்டையோடு இதைக் குழப்பிக்கொள்வதும் தவறு. அது வேறொரு சிக்கல்.

இவ்விளைவு இல்லையெனில் புவியின் சராசரி வெப்பநிலை இன்றுள்ள ஏறத்தாழ 15 பாகையாக இராமல் உறைநிலைக்குக் கீழே 18 பாகையாக இருந்திருக்கும். ஆகவே தீங்கு விளைவில் இல்லை, அதன் மிகையில் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிக்கப்பட்டதாலும் காடுகள் அழிக்கப்பட்டதாலும் இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. தில்லி இரவின் வெப்பம் முழுவதையும் இதன் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட்டும், அறையைக் குளிர்வித்துத் தெருவைச் சூடாக்கும் ஏசி இயந்திரங்களும் தம் பங்கைச் சேர்க்கின்றன.

தில்லிக்கே உரிய பங்கு ஒன்று நகரின் கிழக்கெல்லையில் நிற்கிறது. ஊர்மக்கள் ‘கூடே கா பஹாட்’, அதாவது குப்பை மலை என்று அழைக்கும் காஜிப்பூர்க் கிடங்கு 1984-இல் தொடங்கப்பட்டு, 2002-லேயே கொள்ளளவை எட்டிய பின்னும் குப்பை கொட்டப்பட்டு, 2019 வாக்கில் சுமார் 65 மீட்டர் உயர்ந்து, 73 மீட்டர் உயரக் குதுப் மினாரோடு ஒப்பிடப்படும் நிலையை அடைந்தது. இத்தகைய குவியலின் அடியில் சிக்கிய உணவுக் கழிவைக் காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரே எடையுள்ள கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கவல்லது இவ்வாயு. ஆனால் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளே காற்றில் தங்குவதால், இதைக் குறைத்தால் பலன் விரைவில் தெரியும். எளிதில் தீப்பற்றுவதும் இதுவே. 2017 செப்டம்பர் முதல் நாள் காஜிப்பூர் மலையின் ஒரு பகுதி சரிந்து இருவர் உயிரிழந்தனர். 2022 மார்ச்சிலும் 2024 ஏப்ரலிலும் அது எரிந்து, சுற்றுவட்டாரக் குடியிருப்புகள் புகையில் மூழ்கின.

வெப்பமயமாதலின் தீங்குக்கு எதிராகக் குடிமக்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு, கானமயில் பறவையையும் மின்கம்பிகளையும் பற்றிய எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் விடை அளித்தது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமை, சமத்துவத்தை உறுதிசெய்யும் 14-ஆம் உறுப்பிலும், உயிர்வாழும் உரிமையைக் காக்கும் 21-ஆம் உறுப்பிலும் அடங்கியிருப்பதாக அத்தீர்ப்பு ஏற்றது. காலநிலைக்கெனத் தனிச் சட்டம் நாட்டில் இல்லை என்பதையும் அதே தீர்ப்பு சுட்டிக்காட்டியது. இக்குறை நடைமுறையில் பெரியது. காலநிலையைக் காக்க அரசுக்கு ஆணையிடக் கோரி 2017-இல் ஒன்பது வயதுச் சிறுமி தொடுத்த மனுவைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே, புவி வெப்பமாகிறது என்ற பொதுவான முறையீட்டைவிட, இன்ன கிடங்கு இன்ன விதியை மீறி எரிகிறது என்ற குறிப்பான முறையீடே எடுபடும். 2022 அக்டோபரில் காஜிப்பூர், பல்ஸ்வா, ஓக்லா ஆகிய மூன்று கிடங்குகளின் சீர்கேட்டுக்காக அதே தீர்ப்பாயம் தில்லி அரசுக்கு 900 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது இதற்குச் சான்று.

கிடங்குக்கு அருகில் வாழ்வோர் முதலில் செய்யத்தக்கது, பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாநகராட்சியிடம் நாள்தோறும் வந்து சேரும் குப்பை, பிரிக்கப்படும் குப்பை, தீ விபத்துகள் ஆகியவற்றின் விவரங்களை எழுத்தில் கேட்பதாகும். முப்பது நாளில் பதில் தரப்பட வேண்டும். அதன்பின் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இன்றித் தாமே முன்னிலையாகியும் வழக்காடலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்டோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறவும் தகுதி உடையவர்கள். வீட்டிலேயே ஈரக்கழிவையும் உலர்கழிவையும் பிரித்துத் தருமாறு 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குடிமக்களைக் கட்டாயப்படுத்தியதால், பிரிக்காத குப்பையைக் கொடுத்துவிட்டு மாநகராட்சியை மட்டும் குற்றம் சொல்வது வழக்கிலும் வலுவிழக்கும்.

வழக்கு ஒருபுறம் இருக்க, கடும் வெயிலில் உழைப்பவருக்குப் பேச்சு குழறி, நினைவு தடுமாறி, உடல் கொதித்தால் அது வெப்பவாதமாக இருக்கக்கூடும். உடனே நிழலில் கிடத்தி, நீர் தெளித்து விசிறி, 112-ஐ அழைக்க வேண்டும். வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழ்நாடு மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளதால், அங்கு உயிரிழந்தோரின் குடும்பத்தினர் நிவாரணம் கோர வழி உள்ளது.

கிடங்கு எரிந்தால், தீயின் நாள், நேரம், புகைப்படம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றை அன்றே சேர்த்து வைப்பது அவசியம். இழப்பீடு கோர ஐந்தாண்டு அவகாசம் உண்டெனினும், மற்றச் சுற்றுச்சூழல் வழக்குகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் ஆறு மாதமே தருகிறது. அந்த ஆறு மாதம், வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது.