மலையிறங்கும் குடும்பங்கள்

மணிமுத்தாறு அணையைக் கடந்து மேலேறும் பாதை, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தேயிலைக் குடியிருப்புகளுக்குச் செல்கிறது. கங்காணிமார் அழைத்துவர, ஒரு காலத்தில் இம்மலையேறிப் பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இப்போது அதே பாதையில் தட்டுமுட்டுச் சாமான்களுடன் கீழிறங்குகின்றனர். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வாழும் நாம் இதனை வெறும் செய்தியாகப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடலாமா?

1929-ஆம் ஆண்டில் சிங்கம்பட்டி ஜமீன், சுமார் 8,374 ஏக்கர் மலைநிலத்தைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்திற்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தது. பின்னர் ஜமீன் ஒழிந்தது. நிலம் அரசைச் சேர்ந்தது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. அதன் தவணை 2028-இல் முடிவடைகிறது. அதற்கு முன்னரே, 2024-இல், தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகமே ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை, அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை.

வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். வீட்டை ஏன் விடவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். தோட்டத் தொழிலாளர்க்குக் குடியிருப்பு அளிப்பது நிர்வாகத்தின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கூறியது. பாதுகாப்பாக அமைந்த அவ்விதியின் மறுபக்கமும் உண்டு: வீடு வேலையோடு பிணைந்தது. தலைமுறை தலைமுறையாக அடுப்பெரித்த வீட்டில் ஓரடி மண்ணும் சொந்தமில்லை.

சமவெளிக்கு இறங்குவது அம்மக்களுக்கு எளிய பயணமன்று. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டும், சிறைப்பட்ட தம் தோழர்களை விடுவிக்கக் கோரியும், நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகச் சென்றபோது, காவலர் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் மாண்டனர். அவர்களுள் கைக்குழந்தையும் ஒன்று. நாம் நீராடி மகிழும் பொருநை, அவர்களுக்குத் துயரத்தின் நினைவுச் சின்னமும் ஆகும்.

பிழைப்புக்காக மும்பைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பெயரும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. ஆகவே இம்மலைமக்களை முன்னிட்டு நாம் எண்ணிப் பார்ப்பவை நமக்கும் பயன்படும்.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை பாத்திரங்கள் அல்ல, பத்திரங்கள். வைப்புநிதிக் கணக்கிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இல்லையெனில், பணம் பெறுவதில் தடங்கல் நேரும். ‘மாரியம்மாள்’ ஓரிடத்தில் ‘மாரி’ என்றிருந்தால், அதனை வேலை செய்த இடத்தின் பதிவேடுகள் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுதல் நலம். பத்தாண்டு பணிக்காலம் நிறைந்தவர்க்கு வைப்புநிதியோடு ஓய்வூதிய உரிமையும் உண்டு என்பதைப் பலர் அறியார். குழந்தைகளின் மாற்றுச் சான்றிதழைக் கேட்டுப் பெறவேண்டும். எனினும் எட்டாம் வகுப்பு வரை அது தாமதமாவதைக் காரணம் காட்டி எந்த அரசுப் பள்ளியும் சேர்க்கையை மறுத்தல் கூடாது என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். திருமுழுக்கு, திருமணச் சான்றிதழ்களையும் மறவாது பெற்றுக்கொள்வோம்.

அடுத்தது பணம். வாழ்நாளில் கண்டிராத தொகை ஒரே நாளில் கைக்கு வரும்போது, கடன் கேட்போரும் உடன் வருவர். மகளின் திருமணம், மகனின் மோட்டார் சைக்கிள், மனை விற்கும் தரகர் என்று ஆறே மாதத்தில் அது கரைந்துவிடக்கூடும். 60 வயது நிறைந்தோர், விருப்ப ஓய்வு பெற்றவராயின் 55 வயது நிறைந்தோர், அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை வட்டி கிடைக்கும். 60 நிறையாதோர், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் சேர்ந்துவிட வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து முடிவெடுக்கும் வரை, பணம் கணக்கிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, முதியோர். மலைக்குளிரில் மூத்த உடல், நெல்லையின் சித்திரை வெயிலை எப்படித் தாங்கும்? கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள் பீடி சுற்றக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் தாம் நட்ட முருங்கையையும், துணைவரை அடக்கம் செய்த மண்ணையும் விட்டுவரும் மூதாட்டிக்கு என்ன ஆறுதல் கூறுவது? ஆபிரகாம் ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75 என்கிறது திருநூல். முதுமையில் புறப்படுவது எளிதென்று அது கூறவில்லை. அவர் தனியே செல்லவில்லை என்பதையும் சொல்கிறது. புதிய வீடு எது, எந்த ஊர், எவரருகில் என்பதை முதியோரையும் கேட்டு முடிவு செய்வோம். கல்லறையை ஒருமுறை கண்டு மெழுகுதிரி ஏற்றிவர அவர்களுக்கு ஒரு நாள் ஒதுக்குவோம்.

இறுதியாக, உறவு. மலைக்குடியிருப்பில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டில் கஞ்சி வெந்தது. கீழே வந்தபின் ஒரு குடும்பம் ஒரு மூலையிலும் மற்றொன்று வேறு மூலையிலும் சிதறினால், இழப்பது வீட்டை மட்டுமன்று. இயன்றவரை இரண்டு மூன்று குடும்பங்களேனும் அருகருகே வீடு பார்த்துக்கொள்வது நலம்.

நமக்கும் ஒரு பங்கு உண்டு. அம்பாசமுத்திரத்திலோ, கல்லிடைக்குறிச்சியிலோ, பாளையங்கோட்டையிலோ நம் தெருவில் ஒரு புதிய குடும்பம் சாமான் இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊர், என்ன சாதி என்று விசாரிக்கும் முன், ஒரு குடம் தண்ணீரும் இரவுக்குச் சோறும் கொண்டுபோய்க் கொடுப்போமா? ரேஷன் கடை எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று உடன் சென்று காட்டுவோமா? மலையிறங்கியவர்களுக்குப் புதிய ஊர் சொந்த ஊராவது அவர்களின் ஆயத்தத்தால் மட்டும் நிகழாது. நம் வாசற்கதவு திறந்திருப்பதாலும் நிகழும்.